தேதி போடாத விண்ணப்பங்கள்

விலங்கியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் முதலில் ஒரு எச்சரிக்கை. ஜன்னலோர நாற்காலி இடப்பக்கம் சாயும். இருபத்தெட்டு வருடம் நான் சாய்ந்து உட்கார்ந்ததால் அது சாய்ந்ததா, அது சாய்ந்ததால் நான் சாய்ந்தேனா என்பது துறைக் கூட்டத்தில் இன்னும் முடிவாகாத விஷயம். அதற்குப் பக்கத்தில் ஒரு இரும்பு பீரோ. அதன் கீழ்த்தட்டு காலியாக இருக்கும். அங்கே எதையும் வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. விருப்ப ஓய்வு வாங்கியவனுக்கு எந்தத் தட்டின் மேலும் அதிகாரம் கிடையாது. ஆனால் அது ஏன் காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வையுங்கள்.

பாடம் நடத்துவது, தாள் திருத்துவது, ஆய்வகத்தில் ஃபார்மலின் வாடைக்குப் பழகுவது எல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரு மழை நாளில் நான் செய்த காரியத்தை. செய்த காரியம் என்றால்கூடத் தவறு. செய்யாமல் உட்கார்ந்திருந்த காரியம்.

முதலாண்டு வகுப்புக்குள் நுழைந்ததுமே உங்களுக்கு ஒன்று புரியும். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே இல்லை. உடம்பு இருக்கும், வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன் ஐயா' இருக்கும், மனசு மட்டும் ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரியின் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீட் எழுதி, கிடைக்காமல், மறுபடி எழுதுவதற்காக நம்மிடம் வந்து தங்குகிறவர்கள் இவர்கள். காடாம்புலியூரிலிருந்து வந்த ஒரு முந்திரித் தோட்டத்துக்காரர் மகனைச் சேர்த்துவிட்டு என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்:

"தப்பா நெனக்காதீங்க சார். சும்மா ஒரு வருஷத்துக்குப் பையன ஒங்க காலேஜில போட்டு வெச்சிருக்கேன்."

முந்திரிக்கொட்டையை விலை ஏறும்வரை கிடங்கில் போட்டு வைக்கிற மனிதர் அவர். அதே மரியாதையோடு சொன்னார். ஒரு பலாப்பழமும் கொண்டுவந்திருந்தார். பையன் அக்டோபரில் போய்விட்டான். பலாப்பழம் அவனைவிட முன்னதாகத் தீர்ந்திருந்தது.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் என்னையும் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அப்படித்தான் போட்டு வைத்தார்கள். அந்தக் காலத்து நுழைவுத் தேர்வை எழுதி, கிடைக்காமல், 'ஒரு வருஷம்தானே' என்று பி.எஸ்சி. விலங்கியலில் உட்கார்ந்தேன். இரண்டாம் வருடம் பி.பார்ம் சீட்டு ஒன்று வந்தது. 'மருந்து எடுத்துக் கொடுக்கவா நான் பிறந்தேன்' என்று போகவில்லை. மூன்றாம் முறை எழுதினேன். நான்காம் முறை எழுதுவதற்குள் பட்டமே கொடுத்துவிட்டார்கள். ரயிலுக்காகக் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தவன், ரயில் வராமல், கடைசியில் அதே நிலையத்துக்கு மாஸ்டராகிப் பச்சைக்கொடி காட்டிக்கொண்டிருந்தேன் என்று வையுங்கள். நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு நாயனார் புண்ணியம் தேடிக்கொண்ட ஊர் சிதம்பரம். அவருக்காவது வழியை மறித்தவர்கள் இருந்தார்கள். என் வழியில் என்னைத் தவிர யாருமே நிற்கவில்லை.

கல்யாணமும் அதே கணக்குதான். டாக்டரானபின் பார்க்கலாம் என்றார்கள். ஆகவில்லை. ஆகவே பார்க்கவில்லை. வீட்டில் நானும் புத்தகங்களும் மட்டும். புத்தகங்களில் ஒரு சௌகரியம், 'ஏன் லேட்டு' என்று கேட்காது. அதுவேதான் அசௌகரியமும்.

நிற்க. பீரோவின் கீழ்த்தட்டுக்கு வருகிறேன்.

கலந்தாய்வில் ஒரு பிள்ளைக்கு சீட்டு கிடைத்தால், இரண்டு மூன்று நாளில் அங்கே போய்ச் சேர வேண்டும். நம் கல்லூரியிலிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டும். நூலகத்தில் பாக்கி இல்லை, ஆய்வகத்தில் பாக்கி இல்லை, பெற்றோர் கையெழுத்து, வகுப்பாசிரியர் கையெழுத்து என்று ஒரு ஊர்வலம். ஒரு வருடம் ஒரு பையனின் அப்பா வளைகுடாவில் இருந்தார். கையெழுத்து வர ஒருநாள் தாமதம். கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். அதிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தேன். முதலாண்டில் சேரும்போதே நீட் பிள்ளைகள் எல்லாரும் டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதித் தந்துவிட வேண்டும். பெற்றோர் கையெழுத்தோடு. தேதி மட்டும் போடக்கூடாது. அது ஒரு நீலநிற ஃபைலில், பீரோவின் கீழ்த்தட்டில், என் சாவியில் இருக்கும். சீட்டு வந்ததும் என்னிடம் வந்து நின்றால் நான் தேதியைப் போட்டு, கையெழுத்துப் போட்டு, அலுவலகத்துக்கு அனுப்புவேன்.

எல்லாரும் பாராட்டினார்கள். வேறு துறைக்காரர்கள் வந்து ஃபைலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் வாழ்நாளில் நான் கண்டுபிடித்த ஒரே பொருள் அதுதான் என்பதால் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. சித்திரகுப்தன்கூடச் செத்த தேதியைப் பிறகுதானே எழுதிக்கொள்கிறான் என்று நகைச்சுவை வேறு பண்ணுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். வகுப்பாசிரியர் சொன்னால் சிரித்துத்தானே ஆகவேண்டும்.

முதல்நாளே 'நான் போகிறேன்' என்று எழுதி வாங்கிவிட்டால் ஒரு பிள்ளை எப்படி இருக்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

அபிநயாவைப் பார்த்தபோதாவது யோசித்திருக்க வேண்டும். கடலூருக்குத் தெற்கே கடலோரக் கிராமத்துப் பெண். அப்பா மீன்பிடித் தொழில். அண்ணன் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. நம்மிடம் சேரும் முன் இரண்டுமுறை நீட், முதலாண்டில் ஒருமுறை. மூன்றாவது தடவை ஒரே ஒரு கேள்வியில் போயிற்று. இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது ஃபைலில் அவள் விண்ணப்பத்தின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

மதியம் மற்ற பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து டப்பாவை மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். இவள் ஆய்வகத்தில், கடைசி மேசையில், எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில், கொள்குறி வினாப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். ஒருநாள் அவள் வகுப்புக்குள் வரும்போது ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

"ஏ, டாக்டரம்மா வராங்கடி, பெஞ்ச தொடச்சி வுடு."

"அவ எங்கடி ஒக்காரப் போறா? இன்னிக்கோ நாளைக்கோ கெளம்பிடுவா."

குரோதம் ஒன்றும் இல்லை. ஊருக்குப் போகப்போகிறவர்களிடம் யார் புதிதாக நட்பு வைத்துக்கொள்வார்கள்? அவளும் யாரோடும் வைத்துக்கொள்ளவில்லை. அதே காரணம்தான். கிளம்பப் போகிறவள் என்று அவளும் நினைத்தாள், அவர்களும் நினைத்தார்கள், என் பீரோவும் நினைத்தது. அப்படியே ஒன்றேகால் வருடம்.

ஆய்வகத்தைக் கடக்கும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். எனக்கும் மதியச் சாப்பாட்டுக்குத் துணை கிடையாது. அந்த அறையில் நான் போய் உட்கார்ந்திருக்கலாம். எலும்புக்கூடு ஆட்சேபித்திருக்காது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. மூன்றரை மணி இருக்கும். வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அபிநயா வந்து நின்றாள்.

"சார், சீட்டு கெடச்சிடுச்சி சார்."

நான் எழுந்தேவிட்டேன். "எம்.பி.பி.எஸ்ஸா?"

"இல்ல சார். பிசியோதெரபி. ப்ளஸ்டூ மார்க்க வெச்சி வேற கவுன்சிலிங்ல போட்டிருந்தேன். கவர்மெண்ட் காலேஜி சார். சனிக்கெழம அஞ்சி மணிக்குள்ள சேரணுமாம். லெட்டர்ல தேதி போட்டுக் குடுங்க சார்."

எழுந்தவன் உட்கார்ந்தேன். நாற்காலி சாய்ந்தது. இந்த இடத்தில்தான், நண்பர்களே, நிதானம் என்ற ஒன்று தேவைப்பட்டது. எனக்கு அது இருப்பதாகவே நினைத்தேன்.

"ஒரு கேள்விம்மா. ஒரே கேள்வியில போச்சு. இன்னொரு தடவ எழுதினா உனக்கு எம்.பி.பி.எஸ். நிச்சயம்."

"நாலாவது தடவயா சார்?"

"நாலாவதா இருந்தா என்ன? நாள பின்ன நிம்மதியா இருக்கலாம். இப்ப அவசரப்பட்டுப் போயி, ஊரான் வீட்டுக் கையக் கால புடிச்சிவிடவா இவ்ளோ படிச்ச?"

சொன்னேன். நான்தான் சொன்னேன். 'மருந்து எடுத்துக் கொடுக்கவா' என்று முப்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே வாய்.

அவள் கோபப்படவில்லை. "எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷம் தோள தூக்க முடியாம இருந்துச்சி சார்" என்றாள். "வலையே இழுக்கல. பெரியாஸ்பத்திரில பிசியோல ஒரு அக்கா இருக்காங்க. அவுங்க நாலு மாசம் பாத்த அப்பறம் கை மேல போச்சி. இப்ப கரவலைக்குப் போறாரு. டாக்டரு மாத்திரதான் சார் குடுத்தாரு. கைய தூக்க வெச்சது அவுங்கதான்."

அது ஒரு முழுமையான பதில். தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. என் காதில் விழுந்துகொண்டிருந்தது, பி.பார்ம் சீட்டு வேண்டாம் என்று அந்தக் காலத்தில் நான் எழுதிப் போட்ட அட்டை தபால்பெட்டியில் விழுந்த சத்தம். இந்தப் பெண் ஒரு கேள்வி தாண்டினால் நானும் தாண்டிவிடுவேன் என்பதுபோல ஏதோ ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. அது அப்போது தெரியவில்லை.

"இன்னிக்கு ஒருநாள் யோசி" என்றேன். "நாளைக்குக் காலையில வா. அப்பவும் போறேன்னா தேதி போட்டுத் தர்றேன்."

"சார், நாளைக்கு மழன்னு சொல்றாங்க சார்..."

"மழ வந்தா வரட்டும். வாழ்க்க விஷயம். யோசி."

பீரோவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் வண்டி பிடித்துச் சிதம்பரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழியில் சிப்காட் வாசனை வந்தபோது அவள் அண்ணன் ஞாபகம் வந்தது. நல்லது செய்திருக்கிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

விடிந்தபோது தெரு ஆறாக ஓடியது. மாவட்டம் முழுவதும் விடுமுறை என்று அறிவித்துவிட்டார்கள். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு போன் அடித்தது. மேசைமேல் கண்ணாடி பதித்திருக்கிறது. அதன்மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. திரையில் 'அபிநயா பி.எஸ்சி. II' என்று வந்தது.

எடுக்கவில்லை.

பத்தேகாலுக்கு மறுபடி. எடுக்கவில்லை. பதினொன்றுக்கு மூன்றாவது முறை. போன் நகர்ந்து வந்து டீ தம்ளரை இடித்து நின்றது.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் எடுக்கவில்லை என்று. இன்றைக்கு ஒருநாள் கடந்துவிட்டால் நாளை சனிக்கிழமை, நாளை அவளால் போய்ச் சேர முடியாது, முடியாவிட்டால் மறுபடி நீட் எழுதுவாள், எழுதினால் கிடைக்கும், கிடைத்தபின் நன்றி சொல்வாள். இப்படிப் படிப்படியாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் சும்மா இருக்கவில்லை. பொறுப்போடு முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பதினொன்றுக்குப் பிறகு போன் அடிக்கவில்லை. அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கவனித்தேன். சாயங்காலம்வரை புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருந்தேன். அவள் பெயர் மறுபடி திரையில் வர வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தது. நானே கூப்பிடலாமே என்று எடுப்பேன். என்ன சொல்வது என்று வைத்துவிடுவேன். சாவி சட்டைப் பையில் கனத்தது. சின்னச் சாவி. அவ்வளவு கனம் இருக்க நியாயமில்லை.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. முதல் வண்டியைப் பிடித்துக் கல்லூரிக்கு ஓடினேன். இப்போது கொடுத்தால்கூட, கார் பிடித்தால், சாயங்காலத்துக்குள் போய்விட முடியுமா என்று வண்டி நின்ற ஊரிலெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். பீரோவைத் திறந்தேன். நீல ஃபைல் இருந்தது. அபிநயாவின் விண்ணப்பம் அதில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாவை உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பெயரைப் போட்டால் திட்டுவார், போடவில்லை. ஈரமான பதிவேடுகளை மின்விசிறிக்குக் கீழே விரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த அபிநயாப் பொண்ணு வந்துச்சா?"

"நேத்தே வந்துச்சி சார். எங்க வூட்டுக்கு. அவங்கண்ணன் பைக்கில, தொப்பறையா நனஞ்சிகிட்டு."

"நேத்தா? லீவாச்சே!"

"லீவுதான். அதுக்காக? வாட்ச்மேனைக் கூப்புட்டு ஆபீஸத் தொறந்தேன். பிரின்சிபாலு குவார்ட்டர்ஸ்லதான இருக்காரு, கொடய புடிச்சிகிட்டுப் போயி கையெழுத்து வாங்கியாந்தேன். டி.சி. போட்டு அனுப்பியாச்சி. மதியானம் பஸ்ஸு ஏறிடுச்சி சார். இந்நேரம் போய்ச் சேந்திருக்கும்."

எனக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் ஒரு சந்தேகமும் வந்தது. கையிலிருந்த தாளைக் காட்டினேன்.

"விண்ணப்பம் என்கிட்டல்ல இருக்கு? இது இல்லாம எப்படி?"

"வெள்ளத்தாளு ஒண்ணு குடுத்தேன். எழுதிக் குடுத்துச்சி, வூட்டு சார்புல அண்ணன் கையெழுத்துப் போட்டாரு. அஞ்சி நிமிஷம்."

"வகுப்பாசிரியர் கையெழுத்து?"

"அவசரம்னா பிரின்சிபாலு போட்டாப் போதும் சார். எப்பவும் அதான் ரூலு."

"அப்ப என் ஃபைல் எதுக்கு?"

அவர் பதிவேட்டை விரிப்பதை நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கிண்டல் இல்லை, கிண்டலாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அது ஒங்களுக்கு சார்" என்றார். "முன்னல்லாம் புள்ளைங்க எங்கிட்ட வந்து டி.சி.ய வாங்கிகிட்டு அப்படியே போயிடுங்க. நீங்க ரெண்டு நாளு கழிச்சி வந்து, அந்தப் பையன் எங்கம்மா, இந்தப் பொண்ணு எங்கம்மான்னு கேப்பீங்க. போயிட்டாங்க சார்னு சொன்னா ஒரு மாதிரி நிப்பீங்க. அப்பறம் ஃபைலு போட்டீங்க. சரி, போறதுங்க சாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவட்டுமேன்னு நானும் வுட்டுட்டேன்."

நான் அப்போதும் ஒரு மாதிரி நின்றேன்.

வளைகுடா அப்பா, அரை மணி நேரம், நிர்வாகத் திறமை எல்லாம் உண்மைதான். ஆனால் ஃபைல் அதற்காக இல்லை. எட்டு மாதம் பாடம் கேட்ட பிள்ளை ஒருநாள் காலியான பெஞ்சாக மாறியிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை; பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று கேட்க எனக்குக் கூச்சம். ஆகவே அதை விதியாக்கி, நீல அட்டை போட்டு, பூட்டி, சாவியை வைத்துக்கொண்டேன். விடைபெற வருவதைக் கட்டாயமாக்கிய ஒரே வகுப்பாசிரியன் நான்தான். அந்தச் சாவியைத்தான் அபிநயாவின் வாழ்க்கைக்கு நடுவில் நீட்டினேன்.

"அவகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "யோசிச்சியான்னு கேட்டீங்களா?"

"யோசிக்காமயா அந்த மழயில வருவாங்க? எந்த பஸ்ஸுன்னு கேட்டேன். தொணைக்கு யாரு வராங்கன்னு கேட்டேன். சாப்ட்டியான்னு கேட்டேன். இல்லன்னுச்சி. ரெண்டு இட்லி வெச்சிக் குடுத்தேன்." மறுபடி பதிவேட்டைப் பிரித்தார். "ஒங்களுக்கு போன் அடிச்சிதாம். கெடைக்கலன்னு வருத்தப்பட்டுச்சி."

திங்கட்கிழமை ஃபைலில் இருந்த விண்ணப்பங்களையெல்லாம் அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். முதலாண்டுப் பையன் ஒருவன் முகம் வெளுத்துக் கேட்டான்: "சார், அப்ப எங்களுக்கு சீட்டே கெடைக்காதா சார்?" கிடைக்கும், அதுவரை இங்கே இரு என்றேன். 'இங்கே இரு' என்று நான் ஒரு மாணவனிடம் சொன்னது அதுவே முதல்முறை என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை ஆய்வகத்தில் வைத்துக்கொண்டேன். தனியாகச் சாப்பிட வருகிறவர்கள் முதலில் மிரண்டார்கள். பிறகு ஊறுகாய் கேட்க ஆரம்பித்தார்கள்.

அபிநயாவுக்கு போன் செய்யும் தைரியம் வர மூன்று வாரம் ஆயிற்று. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். எடுக்கக்கூடிய பெண். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், பெண்கள் சிரிப்பு.

"சார்! சொல்லுங்க சார்!"

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லாருக்கேன் சார். கிளாஸ்ல எல்லாமே என்னவிட சின்னப் புள்ளைங்க. அக்கா, அக்கான்னு உயிர வாங்குதுங்க. இப்பக்கூட சாப்புட வுட மாட்டேங்குதுங்க சார், சுத்தி ஒக்காந்துகிட்டு."

"அன்னிக்கு நீ போன் பண்ணியிருந்த..."

"பரவால்ல சார். மழயில செதம்பரம் பக்கம் டவர் இல்ல போலருக்குன்னு நெனச்சிகிட்டேன்."

அவள் நிஜமாகவே அப்படி நினைத்தாளா, எனக்காக அப்படி நினைத்துக்கொண்டாளா, இன்றுவரை தெரியாது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "டவர் இல்ல."

உங்கள் இருவருக்கும் எழுதும் இந்தத் தாளில்தான் முதன்முறையாகச் சொல்கிறேன்: டவர் இருந்தது. நான்கு கோடும் இருந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. முடிவெடுக்காமல் வந்து நிற்கும் பிள்ளையிடம் முடிவைப் பற்றிப் பேசுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். முடிவெடுத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் பஸ்ஸைப் பற்றிப் பேசுங்கள். இரண்டில் எது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியும். கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தால் மட்டும் தெரியாது.

போன மே மாதம் எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். எத்தனையோ மருத்துவர்களை உருவாக்கியவர் என்று ஒருவர் பேசினார். உருவாக்கப்பட்டவர்களில் யாரும் அரங்கில் இல்லை. அவர்களுக்கு அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கும். மாலை நாலு மணிக்கு மாலையைக் கழற்றி வைத்துவிட்டு பீரோவை ஒழித்தேன். கீழ்த்தட்டில் ஒரே ஒரு தாள் மிச்சமிருந்தது. திருப்பிக் கொடுக்க ஆளில்லாத விண்ணப்பம். கீழே, கரவலை இழுக்கும் ஒரு கையால் கோணலாகப் போட்ட கையெழுத்து. மேலே தேதிக்கான இடம் காலி. பேனாவை எடுத்து, அந்த மழை வெள்ளிக்கிழமையின் தேதியை அதில் எழுதினேன். யாருக்கும் உபயோகமில்லாத தேதி. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாவியை ஒப்படைக்க அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் அம்மா மட்டும் இருந்தார். மற்றவர்கள் விழா முடிந்த கையோடு கிளம்பிவிட்டிருந்தார்கள். சாவியை வாங்கி மேசைமேல் வைத்தார். 'ஏன் சார் அவசரப்பட்டு ஓய்வு வாங்கிட்டீங்க, இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே' என்று அன்று காலையிலிருந்து என்னிடம் எல்லாரும் கேட்டிருந்தார்கள். அவர் கேட்கவில்லை.

"எந்த வண்டி சார்?"

"அஞ்சே முக்கால் பாசஞ்சரும்மா."

"சாப்ட்டீங்களா?"

விழாவில் பெரிய விருந்து. இலை நிறையப் பரிமாறினார்கள். சாப்பிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். இந்தத் தடவை டவரைக் காரணம் காட்ட வேண்டாம் என்று தோன்றியது.

"இல்லம்மா. எறங்கல."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அது எந்தப் பக்கமும் சாயவில்லை. வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது.